குறை சொல்பவர் உட்காரும் நீல நாற்காலி

நேற்று மாலை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வெயில் குடித்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வாடை உண்டு. அது மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய், கையில் பாதி தின்ற கறிபாப்போடு.

"எத்தனை வேணும் பாஸ்?" என்றார் கடைக்காரர்.

"ஒன்னு. நீலம்."

"வீட்டுக்கா?"

"எங்க ஃபிளாட்ல கூட்டம்."

"கூட்டத்துக்கு ஒரு நாற்காலியா? மத்தவங்கல்லாம் நிக்கவா?"

மற்றவர்களுக்கு நாற்காலி இருக்கிறது, இது வேறு வேலைக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற லோரி டிரைவர், "என்ன தம்பி, வீடு மார்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பச்சை விளக்கு விழுந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் நாம் படித்த அந்தச் சின்னக் கல்லூரியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னமும் சிரிக்கிறார்கள். வரலாறும் தத்துவமும் நாடகமும் படிக்க ஒரு கல்லூரியா, முடித்தால் எவன் வேலை தருவான் என்று என் அப்பாவே கேட்டார். பழைய கடைவீடுகள் சிலவற்றை இடித்துச் சேர்த்துக் கட்டிய கட்டடம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். விளம்பரத்தில் மட்டும், மாணவர்கள் தங்களைத் தாங்களே ஆளும் கல்லூரி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மாணவர் மன்றத்தை நாமே தேர்ந்தெடுப்போம். கழகங்களை நாமே நடத்துவோம். கீழ்த்தளக் கூடத்தின் சாவி மன்றத் தலைவரிடம் இருக்கும். எந்தக் கழகத்துக்கு எந்த நேரம் என்று மன்றமே முடிவு செய்யும். ஆள் பிடிப்பதற்காக எழுதிய வரிகள் அவை. நீ அவற்றை அப்படியே நம்பினாய். அவர்களுக்குத் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

நீ மன்றத் தலைவராக நடத்திய முதல் கூட்டம் நினைவிருக்கிறது. வைஃபை வரவில்லை, கழிப்பறையில் பைப் ஒழுகுகிறது, கேண்டீன் கோழியில் உப்பு என்று ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டே போனார்கள். நீ ரவாங்குக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டாய். அடுத்த புதன்கிழமை கூடத்தின் நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தனியாகப் போட்டு வைத்திருந்தாய்.

"குறை இருக்கறவங்க இதுல வந்து உட்காருங்க. எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா யாரு என்ன செய்யணும்னு சொல்லாம எழுந்திரிக்கக் கூடாது. செய்ய ஆளு கிடைக்கலன்னா, உட்கார்ந்தவங்கதான் செய்யணும்."

அன்றைக்குப் பாதிக் குறைகள் காணாமல் போயின. கேண்டீன் கோழியில் உப்பு குறைந்தது. அல்லது நம் நாக்கு பழகிக்கொண்டது. இது சர்வாதிகாரம் என்று நான் கத்தினேன். "அதையும் உட்கார்ந்து சொல்லுலா" என்றாய்.

அந்த நாற்காலியில் என்னளவு உட்கார்ந்தவன் கிடையாது. எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். தமிழ் தெரிந்தவன் கேண்டீன் மேசையில் தமிழில் பேசக் கூச்சப்படுவது, பணக்காரப் பையன்களின் கார்கள் பாதசாரி வழியில் நிற்பது, தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் குடும்பத்துப் பிள்ளையைக் கண்டால் ஒதுங்கிப் போவது. ஒவ்வொரு வாரமும் எழுந்து போய் உட்காருவேன். "ஓய் கிள்ளான், நாற்காலிக்கு வாடகை குடு" என்பாய். ஊரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டாய். நான் உன்னை பிரசிடென்ட் என்றேன். முதலில் கிண்டலாகத்தான்.

துப்புரவுப் பணியாளர்கள் விஷயத்தையும் நான்தான் உட்கார்ந்து சொன்னேன். ஐந்து பேர். கன்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள். மாடிப்படிக்குக் கீழே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது ரகசியம் ஒன்றும் இல்லை. நாம் எல்லோரும் தினமும் அவர்கள் தலைக்கு மேலேதான் ஏறிப் போனோம். தொழிலாளர் வரலாறு வகுப்பு இரண்டாவது மாடியில். அந்த வகுப்புக்கும் அதே படிதான். அன்றைக்கு நான் நன்றாகப் பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். கை தட்டினார்கள்.

நீ தட்டவில்லை. கையிலிருந்த கறிபாப்பை ஒரு கடி கடித்துவிட்டு, "முடிஞ்சுதா? யாரு என்ன செய்யணும்?" என்றாய்.

"நிர்வாகம் வெட்கப்படணும்."

"அதுக்கு யாரு போறது, என்னைக்குப் போறது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அன்றே குழு அமைந்தது. கூடம் நம் கையில் இருக்கிறது, அங்கே அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்போம் என்று முடிவானது. இடம் என்றால் எப்படி? மன்றத்தின் விதிப்படி கூடத்தின் நேரத்தைக் கழகங்களுக்குத்தான் கொடுக்க முடியும். ஆகவே ஒரு கழகம் தொடங்கலாம் என்றாள் குழுவில் ஒருத்தி. என்ன கழகம்? கேரம் கழகம். கேரம் எல்லா இனத்தாருக்கும் பொது, ஓடியாட வேண்டாம், உட்கார்ந்தே விளையாடலாம்.

எவ்வளவு மும்முரமாக வேலை செய்தோம். கழகத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு புதன்கிழமை முழுதும் போனது. தோழமையா, நட்புறவா என்று சண்டை. யாரோ வீட்டிலிருந்து பலகை கொண்டுவந்தார்கள். மூன்று மொழிகளில் சுவரொட்டி வரைந்தோம். காலியாக இருந்த நேரம் வியாழன் மாலை ஐந்து மணி மட்டும்தான், அதைக் கொடுத்தோம். பலகையில் மாவு தூவி, காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அவர்களுக்குத் தன்மானம் இருக்கிறது, நம் பிச்சை அவர்களுக்கு வேண்டாம் என்று நான் ஒரு விளக்கம்கூடச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கான் அக்கா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் தமிழ். எங்கிருந்து வருகிறார் என்பது மட்டும் தெரிந்ததால் நாம் வைத்த பெயர் அது. துடைத்து முடித்தவர், துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடுவில் கிடந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நாம் உள்ளே வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினோம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

"உட்காருங்கக்கா" என்றாய். "ஆனா ஒன்னு. அதுல உட்கார்ந்தா குறை சொல்லணும். அது இங்க சட்டம்."

"குறையா?"

"ஆமா."

"எதுல ஆரம்பிக்கிறது பாப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. நீ கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். நாங்களும் உட்கார்ந்தோம்.

"நீங்க என்னமோ விளையாட கூப்பிடுறீங்களாம். பேப்பர்ல ஒட்டியிருக்கீங்க. வேன் நாலு மணிக்கு வந்துடும். வேனை விட்டா நான் ரெண்டு பஸ் மாறணும். அஞ்சு மணிக்கு யாரு விளையாடுறது?"

"ஏங்க்கா முன்னாடியே சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"நீ கேட்டியா தம்பி?"

சிலர் சுவரொட்டியைப் பார்த்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். நாம் கூட்டம் போட்டோம், குழு போட்டோம், ஓட்டுப் போட்டோம், பெயருக்காகச் சண்டை போட்டோம். எத்தனை மணிக்கு வசதி என்று மாடிப்படிக்குக் கீழே குனிந்து கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜனநாயகத்தை இவ்வளவு படித்தவர்களால்தான் அப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியும்.

நீ அதையெல்லாம் பேசவில்லை. "உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்று மட்டும் கேட்டாய்.

"விளையாட்டெல்லாம் வேணாம். மத்தியானம் சாப்டுட்டு காலை நீட்டணும். கதவு சாத்துற மாதிரி ஒரு இடம். போன் சார்ஜ் போட ஒரு பிளக். அவ்வளோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல கீழ போறவங்க பார்க்காம சாப்பிடணும்" என்றார்.

"யாரு என்ன செய்யணும்?" அக்காவிடமும் அதே கேள்வி.

"நீங்கதான் செய்யணும். சாவி உங்ககிட்டதான இருக்கு."

மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை. கூடத்தில் எல்லாக் கழகமும் அடித்துக்கொள்ளும் நேரம் அது. நாடகக் கழகத்தின் ஒத்திகை, விவாதக் கழகத்தின் பயிற்சி, எல்லாம் அப்போதுதான். கேரம் கழகத்துக்குக் கை தட்டியவர்களின் குரல் அதற்குப் பிறகு மாறியது. எல்லோருக்கும் அனுதாபம் இருந்தது, நேரம் மட்டும் இல்லை. வேறு அறை பார்க்கலாமே, மேலே யோசிக்கலாமே, அடுத்த பருவத்தில் செய்யலாமே. நான் நாடகக் கழகத்தில் இருந்தேன். நாங்கள் எங்கே போவது என்று எங்கள் தலைவி கேட்டபோது நீ அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய்.

"படிக்கட்டுக்குக் கீழ நடிங்க கிள்ளான். அந்த இடம்தான் காலியாகப் போகுதே."

விஷயம் நிர்வாகத்துக்குப் போனது. நிர்வாக அதிகாரி உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் கல்லூரியின் ஊழியர்கள் அல்ல, கன்ட்ராக்டரின் ஆட்கள், கூடம் மாணவர்களுக்கு, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, பிடிவாதம் பிடித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றாராம். நீ வெளியே வந்ததும், "என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை வரச் சொன்னேன். குறை இருந்தா நாற்காலில உட்கார்ந்து சொல்லட்டும்."

"சாவிய பிடுங்கிட்டாங்கன்னா?"

"பிடுங்கட்டும். அப்புறம் பேப்பர்ல போட்டிருக்கறத அழிக்கணும்ல. மாணவர்களே ஆளும் கல்லூரின்னு. அழிக்கட்டும், நானே ரப்பர் வாங்கித் தரேன்."

தைரியமாகத்தான் சொன்னாய். ஆனால் அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை. சாவி போனால் எல்லாக் கழகமும் போகும். ஆடுகிறவன், பாடுகிறவன், சதுரங்கம் விளையாடுகிறவன் எல்லோரும் உன்னைத்தான் திட்டுவார்கள். அது உனக்குத் தெரியும். நீ கட்டிக் காத்த ஒரே பொருள் அந்த மன்றம்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். சட்டைப் பையில் பேனாவோடு கூடத்தின் நடுவில் நின்றார். "உட்காருங்க சார்" என்றாய். அவர் நாற்காலியைப் பார்த்தார். வேண்டாம் என்றார். "நின்னுக்கிட்டு குறை சொல்ல முடியாது சார். இங்க எல்லாருக்கும் ஒரே விதி." குரலில் கொஞ்சம்கூடக் கேலி இல்லை. அவர் நின்றார். நாங்கள் காத்திருந்தோம். பின் வரிசையிலிருந்து ஒருவன், "உட்காருங்க அங்கிள், கடிக்காது" என்றான். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார்.

அப்புறம் ஓட்டெடுத்தாய். கையைத் தூக்கச் சொன்னாய். ரகசிய ஓட்டு வேண்டும் என்று ஒரு குரல் வந்தது. "நம்ம நேரத்த குடுக்கறமா இல்லையான்னு மூஞ்சப் பார்த்து சொல்லலாம்லா" என்றாய். எங்கள் நாடகக் கழகத் தலைவி கடைசி வரை கையை மடியில் வைத்திருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, என்னை முறைத்துக்கொண்டே கையைத் தூக்கினாள். இழுபறியில் நிறைவேறியது.

நிர்வாகம் அனுமதி தரவில்லை. தடுக்கவும் இல்லை. இந்த ஊரில் பாதி நல்ல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். ஐந்து பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தின் நாற்றம், நாங்கள் அங்கே ஒத்திகை பார்க்க ஆரம்பித்த மறுவாரமே நிர்வாகத்தின் மூக்குக்கு எட்டிவிட்டது. குப்பைத் தொட்டிகளைப் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அக்காவும் மற்றவர்களும் நமக்கு நன்றி சொல்லவில்லை. ஏர்கோன் குளிருகிறது என்று புகார் சொன்னார்கள். உனக்கு அதில்தான் அப்படி ஒரு சந்தோஷம். "பார்த்தியா, இப்பதான் அவங்க இடம்" என்றாய். கேரம் பலகையை இரண்டு ஸ்டூல் மேல் வைத்துச் சாப்பாட்டு மேசையாக்கிக்கொண்டார்கள். பல மாதம் கழித்து ஒரு நாள், உள்ளே காய் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா விளையாடுவார், ஆனால் மோசமாக. சிவப்புக் காயைக் கையால் தள்ளிவிட்டு, காற்றில் போனது என்பார். உன்னையும் என்னையும் எதிர்த்து ஆடி ஒரு முறைகூட நியாயமாக ஜெயித்ததில்லை. நியாயமில்லாமல் நிறைய ஜெயித்தார்.

இரண்டு வருடமாகிறது நீ போய். டெங்கிக் காய்ச்சல். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது என்று எத்தனை அலுவலக வாசல் ஏறி இறங்கினாய். ஒருவர் அடுத்தவரைக் கை காட்டினார். அந்த இடங்கள் எதிலும் நம் நாற்காலி இல்லை. அதைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் இது உனக்கு எழுதும் மடலாக இருக்காது. "யாரு என்ன செய்யணும்?" என்று நீ குறுக்கே கேட்பாய். உன் தெருக்காரர்களோடு சேர்ந்து போய் நின்றோம், இப்போது அந்தச் சாக்கடை ஓடுகிறது. அவ்வளவு போதும்.

ரவாங் தேவாலயத்தில் உன் அடக்க ஆராதனைக்கு ஸ்ரீ கெம்பாங்கான் அக்கா வந்திருந்தார். வேலை உடுப்போடு, கடைசி வரிசையில். பாட்டு எதுவும் தெரியாததால் சும்மா நின்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"பாப்பா கதவத் தட்டிட்டு நிக்கும் தம்பி. சாவி கையிலயே இருக்கும். நாங்க தொறக்கற வரைக்கும் நிக்கும்."

ஆமாம். அதை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டரை மணிக்குக் கூடத்தைத் திருப்பி வாங்க வருவாய். சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே கதவைத் தட்டுவாய். "இரும்மா, வரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சில நாள் குரல் வராது. அப்போதும் நிற்பாய். பூட்டில் சாவியை ஒரு நாளும் போட்டதில்லை.

இப்போது நான் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஃபிளாட்டின் குடியிருப்பாளர் குழுவில் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். காரணம் உனக்குத் தெரியும்: அதிகமாகக் குறை சொன்னேன். கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒரு கூட்ட அறை உண்டு. காவலர்கள் இருவர், நேப்பாளத்துக்காரர்கள், முன்பெல்லாம் வாசல் கேட் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டே சாப்பிடுவார்கள். போன மாதத்திலிருந்து அறையில் சாப்பிடுகிறார்கள். எத்தனை மணிக்கு வசதி என்று முதலில் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் மாடி அங்கிள் எதிர்த்தார், இரண்டாம் மாடி ஆன்டி அவரை ஒரு வழி பண்ணினார். நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

நேற்று கூட்டம் எட்டு மணிக்கு. நாற்காலியோடு நான் ஏழரைக்கே வந்துவிட்டேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தட்டில் கரண்டி படும் சத்தம். சாவி என் பையில் இருந்தது. கதவைத் தட்டினேன்.

"செகெஜாப், பாஸ்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்.

"பரவால்ல, மெதுவா" என்றேன். தமிழ் புரிந்திருக்குமோ என்னவோ. மோட்டார் சைக்கிளிலிருந்து அவிழ்த்து வந்த நீல நாற்காலியை நடைபாதையில் போட்டு உட்கார்ந்தேன். லிஃப்ட் ஏதோ முனகிக்கொண்டு மேலே போனது. யார் வீட்டிலோ சாம்பாருக்குத் தாளித்தார்கள். உட்கார்ந்தால் குறை சொல்ல வேண்டும் என்பது விதி. யோசித்துப் பார்த்தேன், பிரசிடென்ட். அந்த நேரத்துக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.